காற்றுப் புகாத வீடும் பால் பொங்காத அடுப்பும்

நம் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்திருப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் நிரப்பிக்கொண்டு வரவேண்டிய படிவம். கூரை எவ்வளவு உயரம், சன்னல் எந்தப் பக்கம், தரை மரமா கொங்கிரீட்டா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்கும். முதல் கேள்வி, இந்த வீட்டில் என்ன சமைப்பீர்கள், எங்கே சமைப்பீர்கள் என்பது. விறகு ஹீட்டர் விற்கிற கடைக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் மூன்று பேரும் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். நன்றாகச் சிரியுங்கள். அந்தக் கேள்வியை அங்கே எழுதிப் போட்டவள் நான்தான். எழுதும்போது நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துப் பக்கத்துச் சீட்டுக்காரரை எழுந்து போக வைக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். வீட்டைச் சூடாக்குவதற்கென்று ஒருவர் கடைக்குப் போய் அடுப்பு வாங்குவார் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்குக் காய்ச்சல் என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்போம். எண்பதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, மலையடிவாரத்தில் இருந்த இந்தக் கடையில் தொலைபேசி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். விற்பனைக்கு இருந்தவர் காலை முறித்துக்கொண்டு வீட்டில் படுத்த ஒரு குளிர்காலத்தில், வருகிறவர்களோடு நானே பேசத் தொடங்கினேன். வந்தவர்கள் என் தலைக்கு மேலால் பார்த்து, ஆம்பிளை யாரும் இல்லையா என்பார்கள். நான் பின்கட்டுக்குப் போய் ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு, அதே முகத்தோடு திரும்பி வந்து, சொல்லுங்கள், என்ன வேண்டும் என்பேன். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் வாங்காமல் போனதில்லை.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற முதல் பிழையை நானும் ஒழுங்காகச் செய்தேன். மலைப்பக்கம் இருந்த ஒரு கணவனும் மனைவியும் வந்து, குளிர் தாங்கவில்லை, கடையில் இருப்பதிலேயே பெரிய ஹீட்டரைத் தாருங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டேன். குளிர்காலம் நடுவில் ஒருநாள் முதலாளி என்னை வாகனத்தில் ஏற்றி அவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டோடு என்னைச் சோபாவில் உட்காரவைத்து, கையில் சூடான தேநீரையும் கொடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடு ஆறுதலாகக் கால்பந்து பேசத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் இந்த ஊரில் குளிர் உச்சமான ஜூலை மாதத்தில் பெனியனோடு இருந்தார். எல்லாச் சன்னலும் திறந்து கிடந்தன. சூடு தாங்காமல் ஹீட்டருக்குப் போகிற காற்றைக் குறைத்து அடக்கி அடக்கி எரித்ததில் அதன் கண்ணாடிக் கதவு தார் பூசியது போல் கறுத்திருந்தது. அரை மணி நேரத்தில் நான் வேர்த்து வடிந்துவிட்டேன். திரும்பும் வழியிலும் முதலாளி கால்பந்துதான் பேசினார். நான்தான், இனிமேல் சின்னதாகவே கொடுக்கிறேன் என்று நானாகச் சொன்னேன்.

சின்ன ஹீட்டர் கொடுக்கப் பழகிய பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அந்தத் தலைக்கனத்தோடு நான் இருந்த காலத்தில்தான், தொண்ணூறுகளின் கடைசியில், நாதனும் மலரும் கடைக்குள் வந்தார்கள்.

நாதன் குளிர் அறை கட்டுகிற பொறியியலாளர். இறைச்சிக் கடைகளுக்கும் பழக் கிடங்குகளுக்கும் ஒரு மூச்சுக் காற்றுக்கூடக் கசியாத அறைகளைக் கட்டிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. மெல்பேர்ன் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவுக்குக் கீழே விரல் போகும், சுவருக்குச் சுவர் காற்றுத் துளை இருக்கும், திரைச்சீலை பூட்டிய வீட்டுக்குள்ளேயே ஆடும். பத்து வருடம் அப்படிப்பட்ட வாடகை வீடுகளில் இருந்து நொந்துபோன நாதன், சொந்தமாக ஒரு காணி வாங்கியதும், தனக்குத் தெரிந்த வித்தை முழுவதையும் அதில் இறக்கிவிட்டார். இரட்டைக் கண்ணாடி, குளிர் அறைக் கதவுக்குப் போடுகிற ரப்பர், மூலைக்கு மூலை பசை. கதவைச் சாத்தினால் காது அடைக்கும். அவருடைய கணக்குப்படி அந்த வீட்டுக்கு ஹீட்டரே தேவையில்லை. சோறு அவிக்கிற மின்சாரப் பானையும் நாலு பேர் இருந்து கதைக்கிற சூடும் போதும் என்று கடையின் நடுவில் நின்று விளக்கம் சொன்னார்.

"நாலு பேரை நான் எங்கையிருந்து கூப்பிடுறது? இருக்கிறது நாங்கள் ரெண்டு பேர்" என்றார் மலர்.

மலருக்கு நெருப்பு வேண்டும். கண்ணால் பார்க்கிற நெருப்பு. ஏன் என்பதை நாதன் கண்ணாடிக் கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எனக்குச் சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர் ஏழு வீடு மாறியிருக்கிறார். கொழும்பில் ஒன்று, சென்னையில் இரண்டு, இங்கே நாலு. ஒவ்வொன்றிலும் குடிபுகும்போது பால் காய்ச்சியிருக்கிறார். ஒன்றில்கூடப் பாலைப் பொங்கி வழிய விட்டதில்லை. விளிம்புக்கு வரும்போதே இறக்கிவிடுவார். வாடகை வீட்டு அடுப்பில் பால் தீய்ந்தால் கறை போகாது, வீட்டைச் சோதித்துப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள்.

"ஏழு முறையும் பொங்க முதலே இறக்கிப்போட்டன் அக்கா. இது என்ர வீடு. இந்த முறை அது தன்ர பாட்டில பொங்கி வழியட்டும். கரண்ட் அடுப்பில வேண்டாம், நெருப்பில."

அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன், இந்தப் பெண்ணுக்கு ஹீட்டர் கொடுத்தே தீருவது என்று. கவனியுங்கள்: அடுப்பைப் பற்றிய முடிவை நெஞ்சால் எடுத்தேன். அது பிழை இல்லை. நெஞ்சு முடிவெடுத்த பிறகு தலையைப் பாதி வேலைக்குத்தான் கூப்பிட்டேன் என்பதுதான் பிழை.

முதலாளி வேண்டாம் என்றார். காற்றுப் புகாத வீட்டில் விறகு எரிப்பது வில்லங்கம், ஒரு ஏசியை மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். நான் விடவில்லை. கடையிலேயே ஆகச் சின்ன ஹீட்டரைத் தெரிந்தெடுத்தேன். நெருப்புக்கு வேண்டிய காற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுக்காமல், தரைக்கு அடியால் ஒரு குழாய் போட்டு வெளியிலிருந்து நேராக அடுப்புக்குள் கொண்டுவருகிற வகை அது. முதலாளியும் அதன் படத்தை நாலு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி, உன் பொறுப்பு என்றார்.

அந்தக் குழாய்க்கு நாதனின் தரையில் ஒரு ஓட்டை போடவேண்டியிருந்தது. எட்டு மாதமாக ஓட்டை அடைத்த மனிதரிடம் போய் ஓட்டை போடவேண்டும் என்று சொல்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், தொலைபேசியில் சண்டை. கடைசியில் சம்மதித்தார். துளை போடுகிற அன்று, ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் மாதிரி சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். துளை போட்டு முடிந்ததும் குழாயைச் சுற்றித் தானே மூன்று வளையம் பசை பூசினார்.

என் கவனத்தை நானே மெச்சிக்கொள்ளாவிட்டால் யார் மெச்சுவது? பால் காய்ச்சுகிற பாத்திரத்தைக்கூட யோசித்தேன். அடி உருண்ட மண்பானை ஹீட்டரின் தட்டையான மேற்பரப்பில் ஒரு சில்லறைக் காசளவு இடத்தில்தான் படும், விடிய விடிய வைத்தாலும் பொங்காது என்று சொல்லி, தட்டை அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் வாங்கவைத்தேன். சூடான கண்ணாடியில் பால் சிந்தினால் வெடிக்கும் என்று, பாத்திரத்தைப் பின்பக்கமாக, புகைக்குழாயை ஒட்டி வைக்கச் சொன்னேன். குடிபுகுதலுக்கு இரண்டு கிழமைக்கு முதல் நானே போய் நெருப்பு மூட்டி, அதே பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் கொதித்தது. வீடு அமைதியாக இருந்தது. புகை ஒரு நூல் கூட உள்ளே வரவில்லை. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். அப்போது என் வயது ஐம்பதுக்கு நாலு குறைவு.

சமைக்கிற குசினியை எட்டிப் பார்த்தேன். அலுமாரிகள் இன்னும் சுவரில் பூட்டி முடியவில்லை. கராஜைப் பார்த்தேன்; அங்கே ஒரு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இருந்தன. அடடா, நம்ம ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். மீன் பொரிப்பது, மிளகாய் வறுப்பது, வடை சுடுவது எல்லாவற்றையும் இந்த ஊரில் நாங்கள் கராஜில்தான் செய்கிறோம். நானே குளிருக்குள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கராஜில் நின்றுதான் மிளகாய் வறுக்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் வீடாக இருந்திருந்தால், குசினியில் என்ன ஃபேன் பூட்டப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். இவர்கள் நம்மவர்கள், எனக்குத் தெரியாததா என்று கேட்காமல் வந்துவிட்டேன். பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அதுதான்.

பிறகு தெரியவந்தது இது: வாடகை வீடுகளில் மலர் குளிருக்குள் கராஜில் நின்று பொரிப்பதைப் பார்த்துப் பார்த்து நாதனுக்கு மனவருத்தம். அதனால், ஸ்பிரிங்வேலில் மூடப்பட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு ராட்சத எக்ஸ்ஹோஸ்ட் ஃபேனை வாங்கி, மலருக்குச் சொல்லாமல் குசினியில் பூட்டியிருக்கிறார். அன்பில் பூட்டியது. மனைவி இனி வீட்டுக்குள் நின்று சுகமாகப் பொரிக்கவேண்டும் என்று பூட்டியது. கராஜில் நான் பார்த்த அடுப்பு, விழாவுக்குச் சோறு ஆக்க இரவல் வாங்கியது.

குடிபுகுதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதே காலிலிருந்து பத்து மணிவரை நல்ல நேரம் என்று, கேரம் டவுன்ஸ் பக்கமிருந்து வந்த ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். பத்துக்குப் பிறகு அன்றைக்கு அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது, அவர் போகவேண்டிய அடுத்த வீட்டில் வேறு ஒரு நல்ல நேரம் காத்திருந்தது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். முதலாளியையும் அழைத்திருந்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் வந்து, பெருவிரல் தெரிகிற காலுறையை மற்றக் காலால் மறைத்தபடி நின்றார்.

ஹோமப் புகை பட்டு அலாரம் கத்தக் கூடாது என்று, நாதன் வீட்டில் இருந்த புகை அலாரங்கள் அத்தனைக்கும் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டியிருந்தார். பூப்போட்ட தொப்பிகள். கூரையில் நாலைந்து மாமி வயது அன்ரிமார் தலைகீழாகத் தொங்கிக் குளிப்பது போல் இருந்தது. முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, இதுவும் சடங்கா என்று என் காதில் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஹோமம் நடக்கும்போது பின்கதவு விரியத் திறந்திருந்தது. ஹோம நெருப்பிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மலர் ஹீட்டரை மூட்டினார். அழகாகப் பற்றிக்கொண்டது. ஒன்பதே காலுக்குப் பாலை வைத்தார்கள். ஹோமம் முடிந்துவிட்டது, இனி எதற்குச் சூட்டை வெளியே விடவேண்டும் என்று நாதன் போய்ப் பின்கதவைச் சாத்தினார். அதே நேரத்தில் குசினியில் நாதனின் அக்கா, அதாவது மலரின் மச்சாள், நூற்றைம்பது வடைக்கு எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லி அந்த ராட்சத ஃபேனைப் போட்டார். நான் முன்வரிசையில் கதிரையில் உட்கார்ந்து, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு, என் ஹீட்டரை நானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது முப்பத்தைந்துக்குப் பால் பொங்கியிருக்கவேண்டும். பொங்கவில்லை. ஒன்பது நாற்பதுக்கு ஆடைதான் கட்டியிருந்தது. ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மெல்லிய ஒரு விசில் சத்தம் முன்கதவுப் பக்கமிருந்து கேட்டது. ஒரு அன்ரி அதைக் கேட்டு, சங்கு ஊதுகிற மாதிரி இருக்கிறது, நல்ல சகுனம் என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

நாதன் பொறுமை இழந்து ஹீட்டரின் கதவைத் திறந்து, விசிறியால் வீசினார். புகை சுருண்டு வெளியே வந்தது. யாரும் கவலைப்படவில்லை. குடிபுகுகிற வீட்டில் புகை இருக்கத்தானே செய்யும்? கண் எரிந்தால் ஹோமம் என்றார்கள். ஒருவர் தலை இடிக்கிறது என்றார், விடிய நாலு மணிக்கு எழும்பினால் இடிக்காமல் என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். சோபாவில் இரண்டு குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கொட்டாவி விட்டன. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

எனக்கு உறைத்தது மணத்தில்தான். ஹோமப் புகை நெய் மணக்கும். இது நெய் மணக்கவில்லை. ஹீட்டரில் போட்ட ரெட் கம் விறகு மணத்தது. ஹோம குண்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அது அணைந்து அரைமணி நேரமாகிவிட்டது. ஆனால் புகை கூடிக்கொண்டே இருந்தது. ஹீட்டருக்குள் நெருப்பு மேலே குழாய்ப்பக்கம் போகாமல், திறந்த கதவுப்பக்கமாக, அறைக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் குசினியிலிருந்து வந்த அந்த ஹூங்காரம் என் காதில் விழுந்தது. எழுந்து எட்டிப் பார்த்தேன். அந்த ஃபேனைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பூதம் வீட்டிலிருக்கிற காற்றையெல்லாம் வெளியே உறிஞ்சிக் கொட்டுகிறது. அந்தச் சின்னத் தரைக்குழாய் போதாமல், வேறு வழியே இல்லாத வீடு, உள்ளே வரவேண்டிய காற்றைப் புகைக்குழாய் வழியாகக் கீழே இழுக்கிறது. காற்றோடு புகையும் வருகிறது. புகையோடு, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் ஆளைத் தூங்கவைக்கிற நச்சுவாயுவும் வருகிறது.

மணி ஒன்பது நாற்பத்தாறு. நெருப்பில் தண்ணீரை ஊற்றி அணைக்கலாம். குடிபுகுகிற அன்று, மலர் முதன்முதலாகத் தன் கையால் மூட்டிய நெருப்பில் தண்ணீர். அதோடு எட்டாவது முறையும் பொங்காத பால். அதை நான் செய்தால் அந்தப் பெண் என் முகத்தில் விழிக்கமாட்டார். நானும் என் முகத்தில் விழிக்கமாட்டேன். ஆனால் சோபாவில் இருந்த குழந்தைகள் கொட்டாவியைக்கூட நிறுத்திவிட்டன. இந்த மாதிரி நேரத்தில் எது மரியாதை, எது சகுனம், யார் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வியெல்லாம் வரிசையில் பின்னால் போய் நிற்கவேண்டும். முதலில் மனிதருக்குக் காற்று. நெருப்பின் கதை அதற்குப் பிறகு.

முன்கதவுக்கு ஓடினேன். பட்டுச்சேலையோடு ஓடிய என்னை அன்றைக்கு யாராவது படம் பிடித்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும். பூட்டைத் திருகியதுதான் தாமதம், கதவு என்னையும் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கதவிடுக்கால் காற்று இழுபட்டு எழுந்த அந்த நல்ல சகுன விசில் நின்றுவிட்டது. வெளிக்காற்று உள்ளே அடித்தது. குத்துவிளக்கு படபடத்தது. ஐயர் மந்திரத்தை விடாமல் இரண்டு கையாலும் திரியைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

நாதன் பறந்து வந்து கதவைச் சாத்தினார். அது அவர் பிழை இல்லை. இருபது வருடம் குளிர் அறை கட்டிய கை தானாகச் செய்தது. நான் திறந்தேன். அவர் மறுபடியும் சாத்தினார். நான் மறுபடியும் திறந்தேன். எழுபது பேர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை அவர் கை வருவதற்கு முன்னால் நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"நாதன், கதவை விடுங்கோ. இது குளிர் அறை இல்லை. உள்ளுக்க இறைச்சி இல்லை, ஆக்கள் இருக்கினம். பிழை உங்கட வீட்டில இல்லை, என்னில. குசினிக்குள்ள என்ன இருக்கெண்டு நான் கேக்காமல் விட்டிட்டன்."

எழுபது பேருக்கு முன்னால் அதைச் சொன்னேன். முதலாளிக்குத் தமிழ் விளங்காது, ஆனால் என் முகம் விளங்கியிருக்கிறது. அவர் காலுறையோடு சறுக்கிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தார். போகிற போக்கில் சோபாவில் இருந்த இரண்டு குழந்தைகளையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். குளிர் காற்று பட்டதும் அவை வீரிட்டு அழுதன. அதைப் போல் இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது ஃபேன். மச்சாள் கரண்டியோடு வழியை மறித்தார். பாதி வடை எண்ணெய்க்குள் கிடக்கிறது, இப்போது நிறுத்தினால் சபை முழுக்க எண்ணெய்ப் புகை மணக்கும், இது என் தம்பி வீட்டுக் காரியம் என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லை. வடையை நான் சாப்பிடுகிறேன் மச்சாள், எல்லாவற்றையும் நானே சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்தேன். அது ஏன் அவரைச் சமாதானப்படுத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹூங்காரம் அடங்கியது. வீடு ஒரு பெருமூச்சு விட்டது, உண்மையாகவே கேட்டது. நான் ஹீட்டருக்கு ஓடி, கதவை ஒரு விரற்கடை மட்டும் விட்டுச் சாத்தினேன். இரண்டு பக்கமும் திறந்த வீட்டில், குளிர் காற்று ஓடிவர, புகைக்குழாய் விடுபட்டு மேலே இழுக்கத் தொடங்கியது. அதுவரை சோம்பலாகக் கிடந்த நெருப்பு உறுமிக்கொண்டு நிமிர்ந்தது. குழாய்க்குள் கடகடவென்று சத்தம். ரெட் கம் கட்டை வெள்ளையாக எரிந்தது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது ஐம்பத்து மூன்று, மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினார். மலர் பாத்திரத்துக்கு முன்னால் அசையாமல் நின்றார். ஒரு கை அவரை அறியாமல் பாத்திரத்தின் விளிம்பை நோக்கிப் போனது, ஏழு வீட்டுப் பழக்கம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ஆடை நடுவில் உப்பியது. ஒரு பக்கம் கிழிந்தது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் பால் எழும்பி வந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து, வழிந்தது. கிழக்குப் பக்கமாக என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். நான் பார்த்தவரை எல்லாப் பக்கமும்தான் வழிந்தது. சூடான இரும்பில் பட்டுச் சீறி, பொரிந்து, தீய்ந்து, வீடெல்லாம் பால் தீய்ந்த மணம். ஐயர் மணியை ஆட்டினார். மலர் சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். முதலாளி தன் அருமை ஹீட்டர் நாசமாகிறதே என்று கையில் ஒரு துணியோடு பாய்ந்தார். நான் அவருடைய சட்டைக் கொலரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தேன். என் சம்பளத்தைத் தீர்மானிக்கிற மனிதரின் கொலர். அவர் திரும்பிப் பார்த்து, இது நல்ல விஷயமா, ஆபத்தா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நல்ல விஷயம் என்றேன். உடனே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் கைதட்டினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் கோட்டும் கம்பளியும் போட்டுக்கொண்டு, எல்லாக் கதவும் திறந்த மண்டபத்தில், நடுங்கி நடுங்கிச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். தலையிடி என்றவருக்கு முற்றத்தில் பத்து நிமிடம் நின்றதும் போய்விட்டது. குழந்தைகள் இரண்டும் முதலாளியின் முதுகில் ஏறி விளையாடின. நான் பதினொரு வடை சாப்பிட்டேன், மச்சாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையிலேயே நாதன் கடைக்கு வந்துவிட்டார், கோபத்தோடு அல்ல, ஒரு படத்தோடு. இரவிரவாக வரைந்திருக்கிறார். குசினிச் சன்னல் திறந்தால்தான் ஃபேன் வேலை செய்யும். சன்னலைச் சாத்தினால் ஃபேன் தானாக நின்றுவிடும். குளிர் அறை மூளை ஒரு முறை திரும்பிவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குக் கண்டேன். நச்சுவாயுவுக்கென்று தனி அலாரம் ஒன்றும் வாங்கி, தொப்பி இல்லாமல் மாட்டினார். நான் அன்று பின்னேரமே படிவத்தை எடுத்து, இருந்த கேள்விகளையெல்லாம் ஒரு படி கீழே இறக்கிவிட்டு, முதல் கேள்வியை எழுதினேன். நம்மவர் வீட்டுக்குப் போனால் அதை இரண்டு தரம் கேளுங்கள். தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் நாம் கேட்காமல் விடுகிறோம்.

ஒரு வருடம் கழித்து அந்த ஹீட்டரைச் சுத்தம் செய்து சோதிக்க நானே போனேன். புகைக்குழாய் நன்றாக இருந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே குசினியில், சன்னல் திறந்திருக்க, மலர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ஹீட்டரின் மேற்பரப்பில் மட்டும், புகைக்குழாயை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண்ணிறக் கறை. கறை துடைத்துப் பழகிய கை எனக்கு. கண்டவுடன் கம்பித் தூரிகையை எடுத்தேன். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு மலர் ஓடிவந்து, கறையின் மேல் கையை விரித்து மூடினார்.

"அதை மட்டும் விடுங்கோ அக்கா" என்றார். "இந்த வீட்டைச் சோதிச்சுப் பார்க்க ஒருத்தரும் வரமாட்டினம்."